கணக்கில் வராத நாலரை லிட்டர்

என்றும் என் மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. கடவுள் அருளால் இங்கே அனைவரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் மகன் வீட்டில் மனம்போல் சுகமாக இருக்க, விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வண்டியும் சுகம்.

சென்ற சனிக்கிழமை காலை, நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் வண்டி நிற்கும் இடத்தில் இருந்தவர்கள்: நான், இவர், அதாவது உங்கள் மாப்பிள்ளை, வங்கி விடுமுறை என்பதால் வீட்டில் இருந்த எங்கள் சின்னவள், மாடியில் குடியிருந்து முன்னறையிலேயே பல் வைத்தியம் பார்க்கும் டாக்டர், அவரும் பாதியில் வந்து சேர்ந்தவர். வேறு யாரும் இல்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்றதைச் சேர்க்கவில்லை, அவர் என்றைக்கும் நிற்பவர். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. நீங்கள் வந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? நாலு பேரும் ஒரே மாதிரி சொல்வோம். நடந்ததையே சொல்லப்போவதால் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் "உங்க வண்டி" என்று நான் ஆரம்பிக்கும்போதே நீங்கள் கத்த ஆரம்பித்துவிடுவீர்கள், மிச்சத்தை அண்ணிதான் கேட்க வேண்டிவரும். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கத்தலாம். இவருக்குத் தெரியாமலும் எழுதவில்லை. பீன்ஸ் நறுக்கித் தருகிறேன் என்ற சாக்கில் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நறுக்கின பீன்ஸையே திரும்பவும் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

அண்ணா, நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன நாளை நான் மறக்கவில்லை. உங்கள் வாஷிங் மெஷினை இவர் சரிபண்ணி, அது அறைக்குள் நடந்து போய்க் கதவை உள்பக்கமாக அடைத்துக்கொண்டு நின்றதே, அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் நேராகப் பேசுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட "அவருக்குக் குழம்பு வேணுமான்னு கேளு" என்று நீங்களும், "போதும்னு சொல்லு" என்று அவரும், நடுவில் கரண்டியோடு நானும். அப்படி இருந்த நீங்கள் அன்றைக்கு இவர் முகத்தைப் பார்த்து, "மாப்ளே, வாரத்துக்கு ரெண்டு தடவ வண்டிய எடுத்து ஓட்டுங்க. பெட்ரோல் போடுங்க, காத்துப் பிடிங்க. பானட்ட மட்டும் தொறக்காதீங்க" என்றீர்கள். கடைசி வாக்கியம் கொஞ்சம் அதட்டலாக இருந்தாலும் நேராகச் சொன்ன வாக்கியம். நீங்கள் தெருமுனை திரும்பியதும் இவர் என்னிடம், "கவனிச்சியா, மாப்ளேன்னு கூப்டார்" என்றார். அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி நல்ல குணத்தோடு இருந்தார்.

வண்டியை இவர் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்பதற்கு எதிர்வீட்டு அம்மாவே சாட்சி. தன் ஸ்கூட்டரை மழையில் விட்டுவிட்டு உங்கள் வண்டிக்கு உறை போட்டார். அப்படிப்பட்டவருக்குச் சென்ற மாதம் ஒரு சந்தேகம் வந்தது. தானாகக் கியர் மாறுகிற வண்டிதானே அது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒரு வெட்டு வெட்டுகிறது என்றார். பின்னால் இருந்து யாரோ முதுகில் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தட்டத்தான் தட்டியது. நான் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். "கியர்பாக்ஸ் ஆயில் பழசாயிருக்கும். மாத்தினா வெண்ணெய் மாதிரி போகும். ஆயில் அளவு பாக்கற கம்பிய உருவிப் பாத்தாத் தெரியும்" என்றார். அந்தக் கம்பி பானட்டுக்கு உள்ளே இருக்கிறது.

இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். இவர் பானட்டைத் திறக்கவில்லை. அதன் முன்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மச்சான் என்னைத்தான் தொறக்கக்கூடாதுன்னு சொன்னார்" என்றார்.

"சரி, அதுக்கு?"

"உன்னை ஒண்ணும் சொல்லலையே."

ஆகவே பானட்டைத் திறந்தவள் நான். உங்கள் சொல்லை அவர் மீறவில்லை, எனக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கம்பியில் இருந்த எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அதற்கு இவர் ஒரு பதில் சொன்னார், அதனால்தான் நான் சம்மதித்தேன். "ஒர்க்‌ஷாப்ல மாத்தினா அது ஒர்க்‌ஷாப்காரன் மாத்தினது. நான் மாத்தி, மச்சான் வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, 'என்ன மாப்ளே, வண்டி இப்டிப் போகுது'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

வேலையை முறையாகத்தான் ஆரம்பித்தோம். சாமி கும்பிட்டு, வண்டியைத் தெருவைச் சுற்றி ஓட்டிச் சூடேற்றி, நாலு பக்கமும் ஜாக்கியால் தூக்கி நாலு இரும்பு ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, அசைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் இவர் அடியில் போனார். சின்னவள் போனில் படம் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கணக்கு என் பொறுப்பு. எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனாலும், பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை அவர்கள் தூங்கின பிறகு நான் படித்தேன் என்பதும், பால்காரரும் கேஸ்காரரும் என்னிடம் ஒரு தடவை சொன்ன தொகையை மறுதடவை மாற்றிச் சொன்னதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். சின்னவள் படித்துச் சொன்ன விதி இதுதான்: வெளியே வந்த எண்ணெயை அளந்து, எவ்வளவு வந்ததோ அவ்வளவே உள்ளே ஊற்ற வேண்டும். கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வரவுக்குச் செலவு நேராக நிற்கிற வேலை உலகத்தில் இது ஒன்றாவது இருக்கிறதே என்று, என் அளவு ஜக்கையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஜக்கு இனிச் சமையலறைக்குத் திரும்பாது.

அடி போல்ட்டைக் கழற்றியதும் கொட்டியது. இவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார், சூடு. கொட்டி, ஒழுகி, சொட்டி, நின்றது. அளந்தேன். மூன்றரை லிட்டர். வண்டியோடு நீங்கள் வைத்துவிட்டுப் போன புத்தகத்தைத் திறந்து, கியர்பாக்ஸ் ஆயில் என்ற பக்கத்தின் அடிவரியைப் பார்த்தேன். மொத்தம் எட்டு லிட்டர் என்று போட்டிருந்தது.

அண்ணா, நாலரை லிட்டரைக் காணவில்லை.

"மறுபடி அளந்து பாரு" என்றார் இவர் வண்டிக்கு அடியிலிருந்து. அளந்தேன். மூன்றரைதான். "கீழ சிந்தியிருக்குமா?" என்றார். சிந்தினால் குளம் கட்டாதா? "வண்டி சாஞ்சு நிக்குது, ஒரு பக்கமாத் தங்கியிருக்கும்" என்று இந்தப் பக்கம் ஒரு இழை ஏற்றினார், அந்தப் பக்கம் ஒரு இழை இறக்கினார். நாலு சொட்டு வந்தது. சின்னவள், "அவ்ளோதாம்மா வரும். மூடிட்டு ஊத்துங்க" என்றாள். நான் விடவில்லை. பாத்திரத்தில் எட்டு இருந்தது, கவிழ்த்தால் மூன்றரை வந்தது என்றால் மிச்சம் எங்கேயோ இருக்க வேண்டும். இருக்கிறதா, இல்லையா, யாராவது குடித்தார்களா? "ஏங்க, கணக்கு நேராகாம மூடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் விளக்குக்கு முன்னால் நின்று, "கடவுளே, அந்த நாலரை லிட்டரையும் காட்டிக்கொடு" என்று மனமுருகிக் கேட்டேன்.

திரும்பி வந்தபோது மாடி டாக்டர் இறங்கி வந்திருந்தார். நல்ல மனுஷர், சத்தம் கேட்டால் இறங்கிவிடுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மேலே போய், வாய்க்குள் விட்டுப் பார்க்கிற நீளக் காம்புச் சின்னக் கண்ணாடியையும் நெற்றியில் மாட்டுகிற விளக்கையும் எடுத்துவந்து, சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் இவர் பக்கத்தில் படுத்துக்கொண்டார். போல்ட் ஓட்டை வழியாகக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"என்ன டாக்டர் தெரியுது?"

"ஆ காட்டச் சொல்லுங்க" என்றார். பழக்கதோஷம். பிறகு, "உள்ள தேங்கல. ஈறு சுத்தமா இருக்கு" என்றார்.

உள்ளே இல்லை, வெளியிலும் இல்லை. அப்படியானால் ஆவியாகிப் போயிருக்க வேண்டும், அதனால்தான் வண்டி வெட்டியிருக்கிறது, பாவம், இத்தனை காலம் அரை வயிற்றோடு ஓடியிருக்கிறது என்று எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். எங்களுக்குள் என்றால், முக்கியமாக நான். இவர் போல்ட்டைப் புது வாஷர் போட்டு முடுக்கினார். பானட்டை நான் திறந்துகொடுத்தேன். கம்பி இருந்த குழாயில் நீளப் புனலை வைத்து, புது எண்ணெயை ஊற்றினோம். சிவப்பாக, ரோஜாப்பூ ஷர்பத் மாதிரி அவ்வளவு அழகாக இருக்கிறது அண்ணா, ஊற்றவே மனசு வரவில்லை. மூன்றரை போனது. சின்னவள், "போதும்மா" என்றாள். "எட்டுடீ" என்றேன். நாலு போனது. ஐந்து போனது. அதற்குமேல் புனல் மெதுவாக விழுங்கியது. சாப்பிட மாட்டேன் என்கிற குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, இவர் கொஞ்சம் விடுவதும் நிறுத்துவதுமாக ஐந்தரை வரை கொண்டுவந்துவிட்டு, "மிச்சத்த ஓட்டிட்டு வந்து ஊத்துவோம், எறங்கட்டும்" என்றார். நானும் சரி என்றேன். டாக்டர் நோயாளி வருகிற நேரம் என்று குளிக்கப் போனார்.

வண்டியை இறக்கித் தெருவைச் சுற்றி வந்தார். போகும்போது முகம் மலர்ந்துதான் போனார். வரும்போது வண்டி இரைகிறது, நகர மாட்டேன் என்கிறது, கியர் ஏறுவதா இறங்குவதா என்று அதற்கே தெரியவில்லை. உள்ளே வந்து நின்றதும் அடியிலிருந்து சிவப்பாக நுரை தள்ளியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, ஆனால் தாராளமாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டதைக் கடவுள் கொடுத்துவிட்டார். எந்த இடத்தில் காட்ட வேண்டும் என்பதை நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இவர் பதறிக் குனிந்து பார்த்து, அதிலேயே மிதித்து, "டாக்டர்! டாக்டர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே மாடிப்படி ஏறி ஓடினார். டாக்டரும் இவருமாக இறங்கி ஓடிவந்தார்கள். இவர் மிதித்த இடத்திலேயே டாக்டரும் மிதித்ததில் இரண்டு பேர் காலும் சிவப்பு. வெள்ளைப் படிக்கட்டு முழுக்க மேலே போன அடியும் கீழே வந்த அடியும் அச்சுப் போட்ட மாதிரி விழுந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"இங்க பல்லு புடுங்கற டாக்டர்..."

"இருக்காருங்க. கொஞ்சம் வேலையா இருக்கார்" என்றேன் நான். பொய் இல்லையே. அவர் படிக்கட்டைப் பார்த்தார். அடிச்சுவட்டை மேலிருந்து கீழே தொடர்ந்து பார்த்துக்கொண்டே வந்தவர் பார்வை வண்டியிடம் வந்து நின்றது. அப்போது அதன் அடியிலிருந்து டாக்டர், முழங்கை வரை சிவப்பாக, நெற்றியில் விளக்கு எரிய, கையில் கண்ணாடியோடு வெளியே வந்து, சிரித்த முகமாக, "வாங்க வாங்க, ரெண்டே நிமிஷம். இந்தக் கேச முடிச்சுட்டு உங்களத்தான் எடுக்கறேன்" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றார் அந்த மனிதர், கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு. "வலி நின்னுருச்சு."

டாக்டருக்கு அன்று ஒரு நோயாளி நஷ்டம். அதற்கு ஈடாக அவருடைய படிக்கட்டை நான் சோப்புத்தூள் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவிவிட்டேன். அந்தக் கணக்கு தீர்ந்தது.

நாங்கள் இப்படி நிற்கையில் சின்னவள் ஒரு ஓரமாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ எந்த வரியப் பாத்த?"

"அடிவரிய. மொத்தம் எங்க இருக்கும், அடியிலதானே இருக்கும்?"

"அதுக்கு மேல ஒரு வரி இருக்கு பாரு. வடிச்சு ஊத்தறதுக்கு மூணரைதானாம். மிச்சம் உள்ள இன்னொரு உருளையிலயும் குழாயிலயும் எப்பவும் நிக்குமாம். அது இந்த ஓட்டை வழியா வராதாம்."

அண்ணா, உலகத்தில் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் மொத்தத்தைப் பார்த்துப் பழகின கண் இது. மேல்வரி கீழ்வரியில் அடங்கும் என்றுதான் இதுவரை நம்பியிருந்தேன். இவர் ஜக்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், துடைத்துக் கொடுத்ததால் எனக்குத்தான் கஷ்டமாகப் போயிற்று.

கூடுதலாகப் போனதை வெளியே எடுக்கவும் டாக்டர்தான் வழி சொன்னார். ஒரு பெரிய ஊசிக்குழலும் மெல்லிய ரப்பர் குழாயும் கொண்டுவந்தார், இரண்டும் பிரிக்காத புதுசு. குழாயைக் கம்பி இருந்த துவாரத்தில் விட்டு, டாக்டர் இழுக்க, இவர் ஜக்கில் பீய்ச்ச, நான் அளக்க, சின்னவள் வண்டியை ஓடவிட்டுச் சூடான பிறகு கம்பியைத் துடைத்துத் துடைத்துக் காட்ட, மத்தியானச் சாப்பாடு சாயங்காலச் சாப்பாடாகிற வரை இழுத்தோம். "வலிச்சாக் கையத் தூக்குங்க" என்று டாக்டர் வண்டியிடமும் சொன்னார். கடைசியில் கம்பியில் இருக்கிற இரண்டு கோட்டுக்கு நடுவில் எண்ணெய் வந்து நின்றது. நுரை அடங்கிவிட்டது. ஓட்டிப் பார்த்தோம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனது எனக்குத் தெரியவே இல்லை, இவர்தான் "இப்போ மாறிடுச்சு" என்று சொன்னார். அன்றிலிருந்து இன்று வரை நிறுத்தின இடத்தில் அட்டை விரித்து வைத்துக் காலையில் எடுத்துப் பார்க்கிறேன். ஒரு பொட்டு இல்லை.

ஆனால் இவருக்குத்தான் உற்சாகம் திரும்பவில்லை. வண்டியைத் துடைத்து உறையைப் போட்டுவிட்டு, சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "மச்சான் வந்தா நீயே குடுத்துடு. இனிமே என்கிட்ட நேராப் பேசமாட்டார்" என்றார். ஸ்பேனர் பெட்டியையும் கொடுத்து, என் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். உங்கள் வண்டியை இனிமேல் பெட்ரோல் மூடிக்கு மேல் தொடுவதில்லை என்று விளக்குக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு சுலபமாக விளக்குக்கு முன்னால் வந்து நிற்பவரா அவர்?

அதனால் சொல்கிறேன். அடுத்த மாதம் கண் ஆபரேஷனுக்கு வரும்போது நம் வீட்டில்தான் தங்குவதாகச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் பின்னறையில் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்கக் கெட்டித் திரை தைத்துப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, ஓட்டலில் அறை எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு வாருங்கள். அதை என்னிடம் காட்டுங்கள், பானட்டைத் திறந்தவள் நான், எட்டு என்று சொன்னவளும் நான். அவரிடம் ஒரு வார்த்தை, திட்டாகவே இருந்தாலும் பரவாயில்லை, நேராகச் சொல்லுங்கள். இன்னொரு தடவை நடுவில் கரண்டியோடு நிற்க என்னால் முடியாது. உங்கள் பொருளுக்கு ஏதாவது குறை வந்திருந்தால், ஒர்க்‌ஷாப்பில் காட்டி முழுசாகச் சரிசெய்து தருவது எங்கள் பொறுப்பு. அது உங்கள் சொத்து, எங்களை நம்பிக் கொடுத்தது.

கடவுள் உங்களுக்குத் தெளிந்த பார்வையும் தீராத பொறுமையும் தரட்டும். அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் பேரனுக்கு முத்தம். மேலே கண்ட நால்வரும் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டிருக்கிறோம். டாக்டர் கையெழுத்து மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும், ஆனால் அவருடையதுதான்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: இதைத் தனித்தாளில் எழுதுகிறேன். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கும்போது அண்ணி போன் செய்தார். அட்டை விரித்து வைத்துப் பார்க்கிற கதையை நான் லேசாக ஆரம்பித்ததும், "அந்த வண்டிக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? உங்க அண்ணன் அத மாப்பிள்ளை பேருக்கு மாத்த எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு வெச்சாச்சே. வாஷிங் மெஷின் விஷயத்துல ரொம்பப் பேசிட்டேன்னு அவருக்கும் உறுத்தல். வந்து நேரா அவர் கையில குடுத்து, பேசிடணும்னு இருக்கார். தெரியாத மாதிரி இரு" என்றார்.

அண்ணா, கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் மேலே நான் கெஞ்சினதெல்லாம் போகட்டும், இப்போது வேறு ஒன்றுக்குக் கெஞ்சுகிறேன். தயவுசெய்து கொடுக்காதீர்கள். உங்கள் வண்டி என்ற பயத்தில்தான் இவர் பானட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் வண்டி என்று தெரிந்தால், நீங்கள் படியேறுவதற்குள் என்ஜினைக் கழற்றிக் கூடத்தில் வைத்திருப்பார். ஸ்பேனர் பெட்டி இருக்கிற பீரோ சாவியும் அவருக்குத் தெரிந்த இடத்தில்தான் இருக்கிறது. காகிதங்களை அங்கேயே வைத்துவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள். வந்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, வண்டி இப்டிப் போகுது" என்று கேளுங்கள். அவருக்கு அது போதும்.

இதோ வந்துவிட்டார். "போன்ல யாரு?" என்கிறார். "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டேன். கடவுள் மன்னிப்பார். வருகிறீர்களா இல்லையா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.